எண்ணாமல் மூடாதவர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் சிஸ்டர் ஆன்டி வீட்டில் சீனி போட்டுத் தேநீர் குடிக்கமாட்டார்கள். நீரிழிவு காரணமல்ல. சீனி கேட்டால் கரண்டி வரும். கரண்டி வந்தால் எண்ணிக்கை வரும். எண்ணிக்கை சரியாக வரும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

ஒருமுறை கோயில் கமிட்டிக்காரர்கள் திருவிழா நன்கொடைக்காக வந்தார்கள். தேநீர் குடித்து, நாட்டு அரசியல், கோயில் அரசியலையெல்லாம் பேசி முடித்து எழுந்தபோது வாசல் கிராதியில் பூட்டுத் தொங்கியது.

"ஒரு தேக்கரண்டி குறையுது," என்றார் அவர், சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே. "ஆரும் எடுத்தியள் எண்டு சொல்லேல்லை. குறையுது எண்டுதான் சொல்லுறன்."

பெரிய மனிதர்கள் நான்கு பேர் சேர்ந்து சோபாவைத் தூக்கிப் பார்த்தார்கள். செயலாளர் தரையில் படுத்து அலமாரிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். கடைசியில் கரண்டி தலைவரின் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில், தானும் ஒரு பேனா என்ற நினைப்பில் நின்றுகொண்டிருந்தது. தேநீரைக் கலக்கிவிட்டு ஞாபகமில்லாமல் செருகிவிட்டாராம். அடுத்த வருடத்துத் திருவிழாவுக்குக் கமிட்டி அந்த வீட்டைத் தாண்டும்போது நடையை எட்டிப் போட்டது.

அவர் அரசாங்க மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை அரங்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் சிஸ்டர் ஆன்டி. வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்க்க வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். நானோ பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்காரன். ஆசிரியர் பயிற்சிக்காகக் கோலாலம்பூர் வந்து, அவருக்குப் பக்கத்து வீட்டு மாடியில் அறை எடுத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கிராணி வீட்டு வாசலில் தோட்டத்துப் பிள்ளைகள் எப்படி நிற்போமோ அப்படித்தான், பாதிப் பயமும் பாதிக் கடுப்புமாக, முதன்முதலில் அவர் முன்னால் நின்றேன்.

"எங்கை ஊர்?"

"பந்திங், ஆன்டி."

"பந்திங்கிலை எங்கை?"

"தோட்டம்."

"கையைக் காட்டு."

காட்டினேன். கைரேகை பார்ப்பவரைப்போலக் குனிந்து நகங்களைப் பார்த்தார். எதிர்காலம் அவருக்குப் பிடிக்கவில்லை. "வெட்டிப்போட்டு வா," என்றார்.

வெட்டிவிட்டு வந்ததும் தேநீர் தந்தார். கப்பில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அதில் என் பெயர் எழுதியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் கிராணி வீட்டுக் கொல்லைப்புறத்தில் என் அப்பாவுக்குத் தனிக்குவளை இருந்தது. குடித்ததும் அவரே கழுவி மதிலில் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். நான் இவ்வளவு படித்த பிறகும் அந்தக் குவளை பெயர்ப் பலகையோடு என்னைத் தேடி வந்துவிட்டது என்று நினைத்தேன். குடித்த கப்பை வைக்க அவர் அலமாரியைத் திறந்தபோது பார்த்தால், உள்ளே வரிசையாகக் கப்புகள். எல்லாவற்றிலும் பிளாஸ்திரி. கோயில் குருக்கள் பெயர், டாக்டராக இருக்கும் மைத்துனர் பெயர், அவருடைய சொந்த அக்காவின் பெயர். கிருமி யாரிடமும் சாதி கேட்பதில்லை என்பது அவர் கட்சி. என் மனம் ஆறியது. ஆனாலும், அந்த வரிசையில் காது உடைந்த கப் என்னுடையது மட்டும்தான் என்பதையும் பார்த்துவைத்துக்கொண்டேன்.

அவர் கை கழுவுவதைப் பார்க்கவேண்டும். முழங்கைவரை சோப்பு. பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்து, விரல் நுனியிலிருந்து தண்ணீர் முழங்கைக்கு வடியும்படி நின்று, குழாயை முழங்கையால் அடைப்பார். ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் கேட்டை முழங்கையால் தள்ளித்தான் தெருவுக்கு வருவார். கோயிலில் தீபாராதனை நேரத்தில் எல்லோரும் கைகூப்பியிருக்க, அவர் கைகள் மட்டும் எதிலும் பட்டுவிடாமல் அந்தரத்தில் நிற்கும். புதிதாக வந்த குருக்கள் அதை ஏதோ கடுமையான நேர்த்திக்கடன் என்று நினைத்து, முதல் விபூதியை அவருக்கே கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் ஒரு கதை இருந்தது. ஒன்றே ஒன்று. வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். வயிற்று ஆபரேஷன். வெள்ளைக்கார சர்ஜன். வெட்ட வேண்டியதை வெட்டி முடித்து, தைப்பதற்கு ஊசி கேட்டுக் கையை நீட்டுகிறார். இவர் கொடுக்கவில்லை. இரத்தம் ஒற்றிய துணிகளில் ஒன்று குறைகிறது. சர்ஜன் கத்துகிறார். இவர் ஊசியைப் பின்னால் மறைத்துக்கொள்கிறார். மயக்க மருந்து கொடுப்பவர் கும்பிடுகிறார். இவர் அசையவில்லை. கடைசியில் துணி சர்ஜனின் சப்பாத்துக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. அவர் மன்னிப்புக் கேட்கிறார். முதன்முதலில் நான் கேட்டபோது அந்தச் சர்ஜன் வெறும் டாக்டர். ஆறு மாதத்தில் பெரிய டாக்டரானார். நான் படிப்பை முடிப்பதற்குள் அவருக்கு மகாராணியாரிடம் பட்டமும் கிடைத்துவிட்டது.

ஒருநாள் கேட்டேன்: "அந்த நோயாளி பொழச்சாரா, ஆன்டி?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் சம்பந்தமில்லாத எதையோ கேட்டுவிட்டது தெரிந்தது.

"அது டொக்டர்மாரின்ரை வேலை. என்ரை கணக்குச் சரி."

அறைக்கு வந்து அந்தப் பதிலை அவர் குரலிலேயே சொல்லிப் பார்த்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஏதோபோல் இருந்தது.

இப்படிப்பட்டவரிடம் ஒரு காரும் இருந்தது. கைமாறி வந்த ஜப்பான் கார். ஒருமுறை ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பட்டறையில் பழுதுபார்க்க விட்டார். திரும்பி வந்து பானட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்பேனர். பட்டறைக்காரன் மறந்துவிட்டுப் போனது. வேறு யாராக இருந்தாலும் இலாபம் என்று வைத்துக்கொண்டிருப்பார்கள். இவர் அதே காரில் அவ்வளவு தூரம் திரும்பிப் போய், வேலையாட்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, ஸ்பேனரைத் தூக்கிக் காட்டி, "இது ஒரு மனுசன்ரை வயிறாய் இருந்தா?" என்று கேட்டாராம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். அன்றிலிருந்து அவர் காரை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை.

அந்தக் கார் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பாசாரில் காய்கறி வாங்கி வரும் வழியில் நின்றுபோனது. தெருக்காரர்கள் சேர்ந்து தள்ளிக்கொண்டுவந்து அவர் வீட்டு முன்னால் நிறுத்தினோம். அவர் உள்ளே போய், ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு வந்தார்.

நான் சிரிப்பை அடக்க இருமினேன்.

"இருமாதை. சாவியைத் திருப்பு. ஸ்டார்ட் பண்ணாதை, திருப்பு மட்டும்."

திருப்பினேன். அவர் பின் சீட்டில் குனிந்து, சீட்டை நோயாளியின் முதுகைப்போலத் தட்டித் தட்டிக் கேட்டார்.

"நாடி இல்லை."

"பியூஸ் போயிருக்குமோ, ஆன்டி?"

"பாத்தாச்சு. வயரிலை கரண்ட் வருதோ எண்டும் பாத்தாச்சு. டாங்கிக்குள்ளை இருக்கிற பெட்ரோல் பம்ப் செத்துப் போச்சுது." ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் தொங்கவிட்டார். "நாளைக்குக் காலமை ஆபரேஷன்."

வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த டீச்சர் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் அக்கா சிஸ்டர் ஆன்டியின் தங்கை மகள். தாய் இறந்தபிறகு ஆன்டிதான் வளர்த்தார். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கிள்ளானில் ஒரு கோயிலில் அவரைப் பெண் பார்க்க வருகிறார்கள். தரகர் கொண்டுவந்த சம்பந்தம், மாப்பிள்ளையும் ஆசிரியர், நல்ல குடும்பம் என்று ஆன்டி தெருவுக்கெல்லாம் சொல்லியிருந்தார். தரகரிடம் அந்த விலாசத்தைக் கொடுத்ததே டீச்சர் அக்காதான் என்பது ஆன்டியைத் தவிர தெரு முழுவதற்கும் தெரியும். இரண்டு பேருக்கும் ஒரே பள்ளி. இரண்டு வருடமாக ஒரே பஸ். தேக்கரண்டி காணாமல் போனால் கண்டுபிடிக்கிற ஆன்டிக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை. எண்ணக்கூடிய பொருளாக இருந்தால் பட்டிருக்கும்.

சிக்கல் மாப்பிள்ளையின் அம்மா. ஈப்போவிலிருந்து வருகிறவர். மகன் கெஞ்சிக் கெஞ்சித்தான் அந்த ஒரு மாலைக்குச் சம்மதித்திருந்தார். முன்பு ஒரு பெண் வீட்டார் தாமதமாக வந்ததற்காக, பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து போனவராம். அன்றிரவே அவருக்கு ஈப்போ ரயில்.

"டாக்சி சொல்லிடலாமே, பெரியம்மா," என்றார் டீச்சர் அக்கா.

"சம்பந்தம் பேசப் போறம். வாடகைக் காரிலை போய் இறங்குறதோ? மத்தியானத்துக்குள்ளை முடிச்சுப் போடலாம். நீ தலைக்கு எண்ணெய் வைச்சுக் குளி."

மறுநாள் காலை உதிரிபாகக் கடை திறக்கும்போதே ஆன்டி அங்கே நின்றார். பை தூக்க நானும் போனேன். கடைக்காரச் சீனர், காரை இங்கே கொண்டு வந்துவிடு, என் ஆள் போட்டுத் தருவான் என்று மலாயில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். ஆன்டி கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் எதைக் கழற்றுவது, எந்தக் குழாயில் பெட்ரோல் அழுத்தத்தோடு நிற்கும், ரப்பர் வளையம் பழையதையே போடலாமா. போடக்கூடாது, புதுசு போடு என்று அவர் ஒரு வளையத்தையும் சேர்த்துக் கொடுத்தார். கடைசியில் அட்டைப்பெட்டி மூடியில் படமே வரைந்து காட்டிவிட்டு, "ஆன்டி, ஹாத்தி-ஹாத்தி லா," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கவனமாக இருக்கச் சொன்னது அவருக்கில்லை, எனக்கு.

வீட்டுக்கு வந்ததும் காரை இன்னும் கொஞ்சம் தெருவோரமாக, நான்கு பக்கமும் காற்று வரும் இடத்துக்குத் தள்ளவைத்தார். பெட்ரோல் ஆவி கூரைக்கடியில் தங்கிவிடுமாம். எதிர்ச்சாரி அச்சகத்தில் இரவல் வாங்கிய சிவப்புத் தீயணைப்பான் ஒரு பக்கம், மணல் வாளி ஒரு பக்கம். வீட்டில் அடுப்பு அணைந்தது. ஐஸ்பெட்டி நின்றது. தொலைபேசி ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தார், மணியடித்தால் உள்ளே பொறி பறக்குமென்று. சாமி அறைக்குப் போய் விளக்கையும் அணைத்தார்.

"நல்ல காரியத்துக்குப் போற அண்டைக்கு விளக்கை அணைக்கிறதா, பெரியம்மா?"

"சாமிக்கு நெருப்பிலை ஒண்டும் ஆகாது. எங்களுக்குத்தான் ஆகும்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதென்ன உடுப்பு?"

"சிலுவார், ஆன்டி."

"என்ன துணி?"

"பாலியெஸ்டர்." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். பயிற்சிக் கல்லூரிக்காகத் தைத்த கால்சட்டை.

"கழட்டு."

காலமான அவர் கணவரின் பருத்தி வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தேன். ஜன்னலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்த டீச்சர் அக்கா அன்று பகலில் முதலும் கடைசியுமாகச் சிரித்தார். உராய்வினால் செயற்கை இழைகளில் மின்னூட்டம் ஏற்படும் விதத்தை நான் படித்திருந்தேன். எங்கள் பரம்பரையிலேயே பௌதிகம் படித்தவன் நான் ஒருவன்தான். அந்த அறிவு பயன்படும் வேளை வந்துவிட்டதென்று விளக்கத் தொடங்கினேன்.

"கதையாதை. இரும்பிலை கையை வை. உடம்பிலை இருக்கிறது இறங்கட்டும்."

கையை வைத்தேன். பௌதிகமும் இறங்கிப்போனது.

இன்னொரு பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்தார். என்னை உரக்க எண்ணச் சொன்னார். எண்ணினேன். பத்து. அவரும் எண்ணினார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." பத்து.

பேட்டரி வயரைக் கழற்றி ஒதுக்கிக் கட்டினார். பின் சீட்டைத் தூக்கி வெளியே மதிலில் சாய்த்தோம். சீட்டுக்கு அடியில் ஒரு வட்டத் தகடு, அதற்குக் கீழே டாங்கியின் வாய். அவர் உள்ளே மண்டியிட்டார். நான் கதவோரம். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். உள்ளங்கை மட்டும் பின்னால் வரும்.

"எட்டு."

எட்டாம் நம்பர் ஸ்பேனரை வைக்கவேண்டும். வைப்பதென்றால் மெதுவாக அல்ல, சத்தம் கேட்க அறைய வேண்டும். மெதுவாக வைத்தால் கை அப்படியே நீட்டியபடி நிற்கும்.

"துணி."

துணி.

"இன்னொரு துணி. தகட்டைச் சுத்தி இருக்கிற ஊத்தையை முதல்லை துடைக்கவேணும். திறந்தாப் பிறகு துடைக்கிறவன் கொலைகாரன்."

குழாயின் மேல் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெல்லத் தளர்த்தினார். மிச்சமிருந்த பெட்ரோல் துணியிலேயே இறங்கியது. நனைந்த துணிகளை என்னிடம் நீட்ட, நான் சாக்கடை ஓரத்தில் இருந்த சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டேன். டாங்கியின் வாயை இறுக்கிப் பிடித்திருந்த வளையத்தைத் தளர்த்த வேண்டிவந்தபோது, "உளி, சுத்தியல்?" என்றேன்.

"பொறி பறக்கவோ? குசினியிலை இருக்கிற பித்தளைக் குழவியைக் கொண்டு வா."

ஏலக்காய் இடிக்கிற குழவி. அதை வளையத்தின் காதில் முட்டுக்கொடுத்து, மரக்கட்டையால் மெல்லத் தட்டித் தட்டித் திருப்பினார். பெட்ரோலும் ஏலக்காயுமாக ஒரு வாசனை வந்தது. உள்ளே வெளிச்சம் வேண்டும். டார்ச் கூடாது. டீச்சர் அக்காவின் அலங்காரக் கண்ணாடியை வாங்கி, வெயிலைப் பிடித்து டாங்கிக்குள் அனுப்பும் வேலை எனக்கு. முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்த அக்கா ஒரு கன்னத்தோடு கண்ணாடியை நீட்டினார்.

கேலி பேச வந்தவன் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பழைய பம்ப் வெளியே வந்ததும், புதியது அதன் இடத்தில் உட்கார்ந்ததும் அவ்வளவு சுத்தமாக நடந்தன. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மணி இரண்டுகூட ஆகவில்லை. வளையத்தை முறுக்கினால் வேலை முடிந்தது. குழவிக்காகப் பின்னால் வந்த கை பாதியில் நின்றது.

"துணியை எண்ணு."

வாளியில் இருந்ததைப் பிழிந்து மதிலில் வரிசையாகப் போட்டேன். அவர் கையில் இருந்ததையும் வாங்கிப் போட்டேன்.

ஒன்பது.

"திருப்பி எண்ணு."

ஒன்பது. அவர் வெளியே இறங்கி, கைகளை உயர்த்திப் பிடித்தபடி வந்து எண்ணினார். ஒன்பது. சீட்டுக்கு அடியில், காருக்கு அடியில், மணல் வாளியில், என் வேட்டி மடிப்பில். வேட்டியை உதறச் சொன்னார். நடுத்தெருவில் எவ்வளவு உதற முடியுமோ அவ்வளவு உதறினேன்.

"டாங்கிக்குள்ளை விழுந்திருந்தா பம்பின்ரை வாயை அடைக்கும். வெளியிலை வயருக்குப் பக்கத்திலை எங்கையும் செருகியிருந்தா, பெட்ரோல் நனைஞ்ச துணி..." பம்பை மறுபடி வெளியே எடுத்தார். "கண்ணாடியைப் பிடி."

பிடித்தேன். அப்போதுதான் மேகம் வந்து வெயிலை மூடியது. கண்ணாடியில் சாம்பல் நிற வானமும் என் மூஞ்சியும்தான் தெரிந்தன. டாங்கியின் வாயில் அவர் கை மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை.

"சூரியன் வரட்டும்," என்று சொல்லிவிட்டு, டாங்கியின் வாயை ஒரு தட்டால் மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் அக்கா வெளியே வந்தார். பாதி பின்னிய சடை, ஒரு கன்னத்தில் மட்டும் பவுடர், பருத்திச் சட்டை. பட்டுச் சேலை உரசினால் மின்னூட்டம் என்பதால் இன்னும் கட்ட அனுமதியில்லை.

"பெரியம்மா, நேரமாகுது. டாக்சியிலை போவம்."

"வயித்தைத் திறந்து வைச்சுப்போட்டு ஒருத்தரும் எங்கையும் போறேல்லை."

"அப்ப மூடிப்போட்டுப் போவம்."

"எண்ணாமல் மூடுறதோ?"

"போனையாவது வைக்கவா? பிந்தி வாறம் எண்டு ஒரு வார்த்தை சொல்லிடலாம்."

"போனைத் தொடாதை."

"அவங்கட அம்மா காத்திருக்க மாட்டா."

"காத்திருக்கத் தெரியாத மாமி உனக்குத் தேவையில்லை, பிள்ளை."

"எனக்கு அவர் தேவை."

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறைந்தது. ஆன்டி தட்டிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் தூக்கினார்.

"எவர்?"

டீச்சர் அக்கா பாதிச் சடையை மறுபடி பின்னத் தொடங்கினார்.

"நீ இன்னும் பாக்கவேயில்லையே?"

நான் தீயணைப்பானின் மேல் எழுதியிருந்ததை மலாயில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் படித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரம்மா துணி காயப்போடுவதுபோல நின்றிருந்தார். அவர் கையில் துணி எதுவும் இல்லை.

"எவ்வளவு காலம்?" என்றார் ஆன்டி.

"ரெண்டு வருசம்."

ஆன்டி சுற்றிலும் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பார்த்த பார்வையிலேயே எனக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். மதிலைப் பார்த்தார். வீட்டுக்காரம்மா குனிந்துகொண்டார்.

"துணியைத் தேடு," என்றார் ஆன்டி, யாரிடம் என்றில்லாமல்.

அப்போது அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. வளர்த்த பெண் நடுத்தெருவில் வாய்விட்டுச் சொல்கிறாள், இந்தம்மாவுக்கு அரைமுழம் கந்தல் பெரிதாகப் போய்விட்டது. நோயாளி பிழைத்தாரா என்று கேட்டபோது பார்த்த அதே முகம். கிராணி வீட்டுப் புத்தி என்று மனசுக்குள் திட்டினேன். தோட்டத்தில் நாங்கள் திட்டும் முறையிலேயே திட்டினேன்.

டீச்சர் அக்கா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வந்தார். கையில் ஒரு சதுரத் துணி, ஈரமாக.

"கிடைச்சிட்டுது, பெரியம்மா."

"எங்கை கிடந்தது?"

"சீட்டுக்குப் பின்னாலை. மதிலோட ஒட்டிக்கொண்டு."

நான் அந்த இடத்தை இரண்டு முறை பார்த்திருந்தேன். ஆன்டியும் பார்த்திருந்தார். அவர் துணியை வாங்கினார். விரல்களுக்கிடையில் விரித்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

பக்கத்தில் நின்ற எனக்கே மணந்தது. அந்துருண்டை. அலமாரியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்து, அப்போதுதான் குழாயில் நனைந்த துணி. பெட்ரோலின் சாயலே இல்லை. ஓரத்தில் கத்தரி அவசரமாகப் போனதும் தெரிந்தது.

அவர் மூக்கிலிருந்து துணியை எடுக்கவில்லை. அதற்கு மேலாக டீச்சர் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பவுடர் போட்ட கன்னம் காய்ந்திருந்தது. போடாத கன்னத்தில் கண்ணீர் ஓடியிருந்தது. அல்லது இரண்டிலும் ஓடியிருந்து ஒன்றில்தான் எனக்குத் தெரிந்ததோ என்னவோ.

துணியை மதிலில், ஒன்பதாவதற்குப் பக்கத்தில் போட்டார்.

"பத்து," என்றார். "கணக்குச் சரி."

அவர் வாயால் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பம்பை மறுபடி உள்ளே இறக்கினார். கை பின்னால் வந்தது, நான் அறைந்தேன். புதிய ரப்பர் வளையம். குழவி. குழாய். வயர். தகடு. எல்லாம் முடிந்து பேட்டரியை மாட்டியதும் காரின் நான்கு கதவுகளையும் விரியத் திறந்துவைத்தார்.

"ரெண்டு பேரும் எதிர்ச்சாரிக்குப் போங்கோ. அச்சகத்துச் சுவருக்குப் பின்னாலை."

"நான் தீயணைப்பானைப் புடிச்சிட்டு இங்கயே நிக்கிறேன், ஆன்டி."

"போ எண்டுறன்."

"பெரியம்மா, நானும்..."

"நீ சேலையைக் கட்டு. அங்கை போய்க் கட்டு. அச்சகத்திலை கேட்டா ஓர் அறை தருவினம். நான் கூப்பிட்டாப் பிறகு வா."

போனோம். நான் சுவருக்குப் பின்னால் போகவில்லை. ஓரமாக நின்று பார்த்தேன். அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். சைக்கிளில் வந்த ஒருவரைக் கையைக் காட்டி நிறுத்தித் திருப்பி அனுப்பினார். மதிலுக்கு மேல் தலை நீட்டிய என் வீட்டுக்காரம்மாவை உள்ளே விரட்டினார். தீயணைப்பானைத் தூக்கி முன் சீட்டில், தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் செய்யவில்லை. இறங்கிப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார், முகர்ந்தார். மறுபடி வந்து திருப்பினார். மறுபடி போய் முகர்ந்தார். அந்தத் துணி அந்தக் காருக்குள் எங்கோ இருக்கிறது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது சந்தேகமறத் தெரிந்தது.

மூன்றாவது முறை கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்தார்.

இஞ்சின் ஒரு செருமலோடு பிடித்துக்கொண்டது. அவர் இறங்கவில்லை, எங்களைக் கூப்பிடவும் இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, இஞ்சின் ஓட ஓட, தனியாக உட்கார்ந்திருந்தார். மேகம் இன்னும் இருண்டது. டீச்சர் அக்கா அச்சகத்துக் காகிதக் கட்டுகளுக்கு நடுவே பட்டுச் சேலை கட்டி வந்து என் பக்கத்தில் நின்றார். அப்புறம்தான் ஆன்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, விரல்களை மடக்கி அழைத்தார்.

பின் சீட்டைப் பொருத்திக் கொடுத்தேன். டீச்சர் அக்கா முன்னால் ஏறினார். தீயணைப்பான் அவர் காலடியில், பட்டுக்கரையோடு உரசிக்கொண்டு கிள்ளானுக்குப் புறப்பட்டது. அதை யாரும் இறக்கவேண்டுமென்று சொல்லவில்லை. கார் நகர்ந்து, இரண்டு வீடு தள்ளி நின்றது. ஓடினேன்.

ஆன்டி என்னைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, அந்தத் துணி கிடைச்சா எனக்குச் சொல்லாதை."

அவர்கள் போன சற்று நேரத்துக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் நான் மதிலோரம் சுத்தம் செய்யப் போனேன். வாளி வைத்திருந்த இடத்துக்குக் கீழே, சாக்கடையில், தண்ணீர் வடியும் கம்பிவலையில் அது சிக்கிக்கிடந்தது. நான் வாளியில் போட்டபோது விளிம்பில் தொங்கி வெளியே நழுவியிருக்கவேண்டும். எடுத்து அலசி, என் அறைக் கொடியில் போட்டேன்.

இருட்டுமுன் அவர்கள் திரும்பி வந்தார்கள். டீச்சர் அக்காவின் தலையில் போகும்போது இல்லாத பூ இருந்தது. கையில் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பழத்தட்டு. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விளக்கேற்ற உள்ளே ஓடினார்.

ஆன்டி காரைப் பூட்டிவிட்டு மதிலருகே வந்தார். காலியாக இருந்த மதிலைப் பார்த்தார். சாக்கடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

பிறகு கேட்காமலே வீட்டுக்குள் போய்விட்டார்.